உயிலில் நிறைவேற்றாளர் பெயரை மாற்றுவது: முதலில் பேனாவைக் கீழே வையுங்கள்

பட்டா நகல் ஒன்றைத் தேடிப் பீரோவைக் குடைந்தபோதுதான் அப்பாவின் உயில் கைக்கு வந்தது. 2009-இல் எழுதிப் பதிவு செய்தது. நான்கு பக்கம். மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி மட்டும் கண்ணை உறுத்தியது. அங்கே நிறைவேற்றாளராக, அதாவது உயிலில் சொன்னதை முடித்துக் கொடுக்க வேண்டியவராக, இருந்த அப்பாவின் நண்பர் பெயரை நீல பால்பாயின்ட் பேனாவால் ஒரே கோடாக அடித்து, அதற்கு மேலே பொடி எழுத்தில் என் பெயரை எழுதியிருந்தார். ஓரத்தில் அவருடைய கையெழுத்து. தேதி இல்லை.

“இது எப்பப்பா பண்ணினீங்க?”

“அவன்தான் பொண்ணு வீட்டோட புனே போய்ட்டானே. காதும் கேக்கல. அதான் மாத்திட்டேன்.”

“இப்படி அடிச்சு எழுதினா செல்லாதுப்பா.”

“ஏன்டா செல்லாது? என் உயில், என் பேனா, என் கையெழுத்து.”

அன்று அவருக்குச் சரியான பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. செல்லாது என்று எங்கேயோ கேட்ட ஞாபகம், அவ்வளவுதான். அப்புறம் ஒரு வக்கீலிடம் போய், சட்டத்தையும் புரட்டிப் பார்த்தபோது, நான் நினைத்துக்கொண்டிருந்ததிலும் பாதி தப்பு என்று தெரிந்தது. வீட்டில் உயில் பேச்சு வந்தால் வாரிசு, நாமினி, பவர், எக்ஸிகியூட்டர் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். எக்ஸிகியூட்டரை, அதாவது நிறைவேற்றாளரை, மாற்றுவது என்றால் சொத்தையே மாற்றி எழுதுவது என்று சிலருக்குப் பயம். பிள்ளைகள் கூடிப் பேசி மாற்றிக்கொள்ளலாம் என்று சிலருக்குத் தைரியம். இரண்டும் சரியல்ல.

கீழே சொல்வது இந்தியாவில் 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின்படி எழுதும் உயில்களைப் பற்றியது. முஸ்லிம்களின் உயிலுக்கு அவர்களுடைய தனிநபர் சட்டம் பொருந்தும் என்பதால் அதை இங்கே எடுக்கவில்லை.

பந்தி பரிமாறுகிறவர்

கல்யாண வீட்டுப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். என்ன சமைக்க வேண்டும், யாரை அழைக்க வேண்டும் என்று முடிவு செய்தவர் வீட்டுக்காரர். பந்தியில் வாளியைத் தூக்கிக்கொண்டு வருகிறவர் வேறு ஆள். எந்த இலையும் விட்டுப்போகாமல் பார்ப்பது அவர் வேலை. பாயசம் வேண்டாம், அதற்குப் பதிலாக எனக்குப் பிடித்த அல்வாவைப் போடுகிறேன் என்று அவர் முடிவெடுக்க முடியாது. வாளி அவர் கையில் இருப்பதால் பாயசம் அவருடையது ஆகிவிடாது.

உயில் நிறைவேற்றாளர் அந்த வாளிக்காரர். உயில் எழுதியவர் இறந்த பிறகு, உயிலில் உள்ளபடி காரியங்களை முடித்துக் கொடுக்க அவரே நியமித்த ஆள். பத்திர எழுத்தர்களும் வக்கீல்களும் எக்ஸிகியூட்டர் என்றுதான் சொல்வார்கள். ஈமச் செலவைச் சொத்திலிருந்து கொடுப்பது, கடன்களை அடைப்பது, வரவேண்டியதை வசூலிப்பது, மிச்சத்தை உயிலில் சொன்னவர்களுக்குச் சொன்னபடி ஒப்படைப்பது எல்லாம் அவர் பொறுப்பு. கடனை அடைக்காமல் சொத்தைப் பிரிக்க அவருக்கு உரிமை இல்லை.

சட்டம் இங்கே ஒரு நுட்பமான வேலை செய்கிறது. இறந்தவரின் சொத்து நிறைவேற்றாளரிடம் வந்து நிற்கும் என்கிறது 211-ஆம் பிரிவு. பல வீடுகளில் சண்டை தொடங்கும் இடம் இதுதான். “அவர்கிட்டதான் எல்லாம் போகுதாமே” என்று யாராவது அரைகுறையாகப் படித்துவிட்டுச் சொல்வார்கள். இறந்தவரின் சட்டப் பிரதிநிதி என்ற முறையில் மட்டுமே சொத்து அவரிடம் நிற்கிறது. வாளி அவர் கையில், பாயசம் இலைக்காரர்களுடையது.

பரிமாறுகிறவரும் அடுத்த பந்தியில் உட்கார்ந்து சாப்பிடலாம் அல்லவா? அதேபோல் நிறைவேற்றாளருக்கும் உயிலில் பங்கு இருக்கலாம். மகனையோ மகளையோ நிறைவேற்றாளராகப் போடுவதற்குச் சட்டத்தில் தடை இல்லை. ஆனால் நிறைவேற்றாளர் என்பதாலேயே யாருக்கும் பங்கு வந்துவிடாது. அதனால் ஆளை மாற்றினாலும் யாருடைய பங்கும் ஒரு ரூபாய்கூடக் கூடாது, குறையாது. அக்காவிடம் இதை விளக்கிய பிறகுதான் “அப்ப சரி” என்றாள். அதுவரை அவள் குரலில் ஒரு சந்தேகம் ஓடிக்கொண்டே இருந்தது, அதில் தப்பும் இல்லை.

நாமினி, பவர் வைத்திருப்பவர், நிறைவேற்றாளர்

இந்த மூவரையும் ஒரே ஆள் என்று நினைப்பவர்கள் ஏராளம்.

பவர் என்று நாம் சொல்லும் அதிகாரப் பத்திரம், அதைக் கொடுத்தவர் உயிரோடு இருக்கும் வரைதான். அவர் இறந்ததும் பொதுவாக அந்த அதிகாரமும் முடிந்துவிடும். நிறைவேற்றாளரின் வேலை அந்த நிமிடத்தில்தான் தொடங்குகிறது. அப்பாவிடம் பவர் வாங்கியிருக்கிறேன், அதை வைத்து அவர் உயிலில் பெயரை மாற்றிவிடுகிறேன் என்றால் அது நடக்காது. உயில் எழுதும் உரிமையைப் பவர் வழியாக இன்னொருவருக்குக் கொடுக்க முடியாது.

வங்கிக் கணக்கின் நாமினி வேறு. வைப்புதாரர் இறந்தால் பணத்தை யாரிடம் கொடுத்துவிட்டு வங்கி கை கழுவலாம் என்பதற்கான பெயர் அது. அந்தப் பணம் கடைசியில் யாருக்குச் சேர வேண்டும் என்பதை உயிலோ வாரிசுரிமைச் சட்டமோதான் சொல்லும். நாமினி பெயரை மாற்றினால் நிறைவேற்றாளர் மாறமாட்டார். நிறைவேற்றாளரை மாற்றினால் நாமினியும் மாறமாட்டார். இரண்டையும் தனித்தனியாகச் செய்ய வேண்டும்.

இதுவரை சொன்னதைச் சேர்த்துப் பார்த்தால்: நிறைவேற்றாளர் ஒரு பொறுப்பாளர், அவருடைய வேலை மரணத்துக்குப் பிறகு தொடங்குகிறது, அவரை மாற்றுவது பங்கை மாற்றுவது ஆகாது.

மாற்றும் உரிமை யாருக்கு?

உயில் எழுதியவருக்கு மட்டும். பிள்ளைகளுக்கு இல்லை, எல்லாப் பிள்ளைகளும் ஒரே மனதாக இருந்தாலும் இல்லை. எழுதிக் கொடுத்த வக்கீலுக்கும் இல்லை. மனைவிக்கும் இல்லை. உயிலை எழுதியவர், உயில் எழுதும் தகுதியோடு இருக்கும் எந்த நேரத்திலும் அதை ரத்து செய்யலாம், மாற்றலாம் என்கிறது சட்டத்தின் 62-ஆம் பிரிவு.

பழைய நிறைவேற்றாளரின் சம்மதம் தேவையா? தேவையில்லை. எழுதியவர் உயிரோடு இருக்கும் வரை, உயிலில் பெயர் இருக்கிறது என்பதால் யாருக்கும் எந்த உரிமையும் பிறப்பதில்லை. ஏன் நீக்கினேன் என்று காரணம் சொல்ல வேண்டிய கட்டாயமும் இல்லை. தலைகீழாகவும் இது உண்மை. நண்பர் ‘நான் விலகிக்கொள்கிறேன்’ என்று அப்பாவுக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தாலும், உயிலில் அவர் பெயர் அப்படியேதான் இருக்கும். அப்பா மாற்றினால்தான் மாறும்.

‘உயில் எழுதும் தகுதி’ என்றால் என்ன? 59-ஆம் பிரிவின்படி வயது வந்தவராகவும் தெளிந்த மனநிலையில் உள்ளவராகவும் இருக்க வேண்டும். தெளிந்த மனநிலை என்றதும் பலர் நினைவாற்றல் தேர்வு மாதிரி கற்பனை செய்துகொள்கிறார்கள். போன வாரம் யார் வந்தார்கள் என்பது மறந்துபோகலாம். மூக்குக் கண்ணாடியை வைத்த இடம் மறந்துபோகலாம். பார்வை போயிருக்கலாம், காது கேட்காமல் இருக்கலாம். தான் செய்வது இன்னது, தன்னிடம் இருப்பது ஏறத்தாழ இவ்வளவு, தனக்கு நெருங்கியவர்கள் இன்னார் என்று அந்த நேரத்தில் புரிந்தால் போதும். அடிக்கடி மனம் குழம்புகிறவர்கூட, தெளிவாக இருக்கும் இடைவெளியில் உயில் எழுதலாம் என்று சட்டமே சொல்கிறது. நோயாலோ போதையாலோ வேறு எதனாலோ தான் என்ன செய்கிறோம் என்று தெரியாத நிலையில் எழுதுவதுதான் செல்லாது.

ஆகவே வயது 80 ஆகிவிட்டது, இனி மாற்ற முடியாது என்பதும் தப்பு. அப்பாதானே, ஒரு ரேகை வாங்கிவிடலாம் என்பதும் தப்பு. இரண்டாவது தப்பு குற்றத்தில் கொண்டுபோய் விடும்.

பேனாக் கோடு ஏன் போதாது

அப்பாவின் கேள்விக்கு வருவோம். என் உயில், என் பேனா, என் கையெழுத்து. ஏன் செல்லாது?

உயில் பேசத் தொடங்கும்போது அதை எழுதியவர் இருக்கமாட்டார். இந்தக் கோட்டை நீங்கள்தான் போட்டீர்களா என்று அவரைக் கேட்க முடியாது. மற்ற எந்தப் பத்திரத்துக்கும் இல்லாத இந்தச் சங்கடத்துக்காகத்தான் உயிலுக்குச் சட்டம் ஒரு தனி முறை வைத்திருக்கிறது. 63-ஆம் பிரிவு சொல்லும் அந்த முறை எளிமையானது. எழுதியவர் கையெழுத்தோ ரேகையோ வைக்க வேண்டும். முடியாவிட்டால் அவர் முன்னிலையில், அவர் சொல்லி, இன்னொருவர் அவருக்காகப் போடலாம். இரண்டு சாட்சிகளாவது அதைப் பார்த்திருக்க வேண்டும், அல்லது ‘இது என் கையெழுத்துதான்’ என்று அவர் வாயால் சொல்லக் கேட்டிருக்க வேண்டும். பிறகு ஒவ்வொரு சாட்சியும் அவர் கண் முன்னால் கையெழுத்துப் போட வேண்டும். சாட்சிகள் இருவரும் ஒரே நேரத்தில் இருந்தாக வேண்டும் என்பதில்லை.

உயில் முடிந்த பிறகு அதில் செய்யும் அடித்தல் திருத்தலுக்கும் இதே முறை வேண்டும் என்கிறது 71-ஆம் பிரிவு. அப்பா போட்ட கோட்டுக்கு அருகில் அப்பாவின் கையெழுத்து இருந்தது, சாட்சிகளின் கையெழுத்து இல்லை. அதனால் சட்டத்தின் கண்ணில் அந்தக் கோடே இல்லை. அடித்த பெயரை இன்னும் படிக்க முடிகிறது அல்லவா, ஆகவே புனேயில் இருக்கும் நண்பர்தான் இன்னமும் நிறைவேற்றாளர். மேலே எழுதிய என் பெயருக்கு மதிப்பு இல்லை.

இதைவிட மோசமான ஒன்று உண்டு. ஒரு கோட்டோடு விடாமல், பழைய பெயரைப் படிக்கவே முடியாதபடி மையால் அப்பி மறைத்திருந்தார் என்று வையுங்கள். படிக்க முடியாமல் போன பகுதிக்குச் சட்டம் விலக்கு வைத்திருக்கிறது. அந்த அழிப்பு செல்லுபடியாகிவிடும். பழையவர் போய்விடுவார், சாட்சி இல்லாததால் புதியவர் வரமாட்டார். வெள்ளை மை தடவும் பழக்கம் உள்ளவர்கள் இதைக் கவனியுங்கள்.

சரி, பழைய உயிலைக் கிழித்துப் போட்டுவிட்டு அடுத்த மாதம் புதிதாக எழுதினால்? ரத்து செய்யும் எண்ணத்தோடு எழுதியவர் உயிலைக் கிழித்தாலோ எரித்தாலோ அது ரத்தாகிவிடும். அந்த இடைப்பட்ட ஒரு மாதத்தில் அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால், உயிலே எழுதாதவர் சொத்து எப்படிப் பிரியுமோ அப்படிப் பிரியும். நிறைவேற்றாளரை மாற்றப்போய்ப் பங்கீடே போய்விடும். புதியதில் கையெழுத்து விழும்வரை பழையதைத் தொடாதீர்கள்.

இணைப்பு உயில்

வெறும் பெயர் மாற்றத்துக்கு நாலு பக்கத்தையும் திரும்ப எழுத வேண்டியதில்லை. இருக்கும் உயிலை விளக்கவோ, மாற்றவோ, அதில் கூட்டவோ தனியாக எழுதும் சிறு ஆவணம் ஒன்று உண்டு. அதற்கு இணைப்பு உயில் என்று பெயர். வக்கீல்கள் கோடிசில் என்பார்கள். அது பழைய உயிலின் பகுதியாகவே கருதப்படும். கையெழுத்துக்கும் இரண்டு சாட்சிகளுக்கும் உயிலுக்கு உள்ள அதே விதி. பழைய சாட்சிகளே வேண்டும் என்பதில்லை, யாரேனும் இருவர்.

அதில் இருக்க வேண்டியது ஏறத்தாழ இவ்வளவுதான்:

‘இன்ன முகவரியில் குடியிருக்கும் இன்னார் ஆகிய நான், இன்ன தேதியில் எழுதி, இன்ன சார்பதிவாளர் அலுவலகத்தில் 3-ஆம் புத்தகத்தில் இன்ன எண்ணாகப் பதிவு செய்த என் உயிலுக்கு இது முதலாவது இணைப்பு உயில். அந்த உயிலின் 7-ஆம் பத்தியில் என் நண்பர் இன்னாரை நிறைவேற்றாளராக நியமித்திருந்தேன். அவர் வெளியூரில் வசிப்பதாலும் வயது முதிர்ந்துவிட்டதாலும் அந்த நியமனத்தை நீக்குகிறேன். அவருக்குப் பதிலாக என் மகன் இன்னாரை நியமிக்கிறேன். அவர் எனக்கு முன்பே இறந்தாலோ, பொறுப்பை ஏற்க மறுத்தாலோ, ஏற்க முடியாமல் போனாலோ என் மகள் இன்னாரை நியமிக்கிறேன். மற்ற எல்லா வகையிலும் மேற்சொன்ன உயிலை உறுதி செய்கிறேன்.’

கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். பெயர் மட்டும்தான் மாறுகிறது, பங்கீடு மாறவில்லை என்பதை எழுதியவர் வாயாலேயே சொல்லும் வாக்கியம் அது. காரணம் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை என்று முன்பு சொன்னேன். ஆனாலும் ஒரு வரிக் காரணம் இருந்தால், பின்னால் படிப்பவருக்கு இது யோசித்துச் செய்தது என்று புரியும்.

புதிய உயிலே எழுதுவது எப்போது நல்லது? நிறைவேற்றாளரோடு பங்கும் மாறுகிறது, உயிலில் சொன்ன வீட்டை விற்றாகிவிட்டது, ஏற்கெனவே இரண்டு இணைப்பு உயில்கள் சேர்ந்துவிட்டன என்றால் புதிதாக எழுதி, முந்தைய எல்லாவற்றையும் ரத்து செய்வதாக அதிலேயே சொல்வது தெளிவு. அம்மாவும் அப்பாவும் சேர்ந்து ஒரே உயிலாக எழுதியிருந்தால் நீங்களாக எதுவும் செய்யாமல் வக்கீலிடம் போங்கள்.

ஆனால் பெற்றோருக்கு உடம்போ ஞாபகமோ தளர்ந்திருக்கும்போது, பெயர் மாற்றத்துக்கு மட்டும் என்றால், நான் இணைப்பு உயிலின் பக்கம்தான். காரணம் இது. பின்னாளில் யாராவது வழக்குப் போட்டு, ‘இதை எழுதும்போது அவருக்குத் தெளிவே இல்லை’ என்று நிரூபித்துவிட்டால், விழுவது அந்த ஒரு பக்கம் மட்டும். அவர் நல்ல திடத்தோடு இருந்த காலத்தில் எழுதிய பழைய உயில் நிற்கும். மொத்தத்தையும் புதிதாக எழுதினால் மொத்தத்தையும் சந்தேகத்துக்குக் கொடுத்துவிடுகிறோம்.

கையெழுத்துப் போடும் நாள்

நான் வக்கீலிடம் போனபோது வெறுங்கையோடு போகவில்லை. இணைப்பு உயிலை நானே டைப் செய்து, அச்செடுத்துக்கொண்டு பெருமையாகப் போனேன். அவர் ஒரு பார்வை பார்த்தார்.

“இதுல புதுசா யாரைப் போட்டிருக்கு?”

“என்னை சார்.”

“டைப் பண்ணினது யாரு?”

“நான்தான்.”

“அப்ப இதைக் கிழிச்சுக் குப்பையில போடுங்க. அடுத்த தடவை அப்பாவைக் கூட்டிட்டு வாங்க. நீங்க வெளியில உட்காருங்க.”

அப்போது முகம் சுருங்கினாலும், அவர் சொன்னதில் இருந்த நியாயம் பின்னால் புரிந்தது. உயிலால் லாபம் பெறுகிறவரே முன்னின்று அதை எழுதவைத்திருந்தால், நீதிமன்றம் அதைச் சந்தேகத்துக்குரிய சூழ்நிலை என்று பார்க்கும். 1958-இல் எச். வெங்கடாசல ஐயங்கார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை விரிவாகச் சொன்னது. அப்படிப்பட்ட சந்தேகங்களைப் போக்கும் பொறுப்பு உயிலைத் தாக்கல் செய்கிறவர் தலையில் விழும். நிறைவேற்றாளர் பதவி லாபம் இல்லை என்றாலும், எனக்கு உயிலில் பங்கும் இருக்கிறதே.

ஆக, உதவுகிற பிள்ளை ஆட்டோ பிடிக்கலாம், கைத்தாங்கலாகக் கூட்டிப் போகலாம், கண்ணாடியை எடுத்துக் கொடுக்கலாம். வக்கீலிடம் பேசும்போது அறையில் இருக்கக் கூடாது. என்ன எழுத வேண்டும் என்று அப்பாவே சொல்ல வேண்டும். எழுதியதை அவருக்குப் புரியும் மொழியில் முழுக்கப் படித்துக் காட்ட வேண்டும்.

சாட்சிகளைப் பற்றி ஒரு வார்த்தை. நிறைவேற்றாளராக இருப்பவர் சாட்சி சொல்லத் தகுதியற்றவர் ஆகிவிடுவதில்லை என்று 68-ஆம் பிரிவு சொல்கிறது. இருந்தாலும் உயிலில் பெயர் வரும் யாரையும், அவர்களுடைய கணவன் மனைவியையும் சாட்சியாகப் போடாதீர்கள். வம்பை ஏன் விலைக்கு வாங்க வேண்டும்? வழக்கு என்று வந்தால், சாட்சிகள் உயிரோடு இருக்கும் பட்சத்தில் ஒருவராவது நீதிமன்றம் வந்து சொல்ல வேண்டும். ஆகவே எழுதுபவரைவிட வயதில் நன்றாக இளையவர், உள்ளூரிலேயே இருப்பவர் நல்லது. அப்பாவின் நடைப்பயிற்சி சினேகிதர்கள் நால்வரும் “நாங்க போடறோம்” என்று முன்வந்தார்கள். நால்வருக்கும் 75-க்கு மேல். காபி கொடுத்து அனுப்பிவைத்தோம்.

மருத்துவர் சான்று சட்டப்படி கட்டாயம் இல்லை. ஆனால் ஞாபக மறதி தொடங்கியிருக்கிறது என்றால், வழக்கமாகப் பார்க்கும் மருத்துவரிடம் அன்றைய தேதியிலேயே ஒரு சான்று வாங்கிவிடுங்கள். அவரே சாட்சியாகவும் கையெழுத்துப் போட்டால் இன்னும் நல்லது. மறதி நோய் உள்ள பலர் காலையில் தெளிவாகவும் சாயங்காலத்தில் குழப்பமாகவும் இருப்பார்கள். அதைப் பார்த்து நேரத்தை வையுங்கள்.

முத்திரைத்தாள் தேவையில்லை, உயிலுக்கு முத்திரைக் கட்டணமே கிடையாது. வெள்ளைத்தாள் போதும். நோட்டரி முத்திரை இருந்தால் சாட்சி வேண்டாம் என்று நினைப்பதும் தப்பு, அது இரண்டு சாட்சிகளுக்கு ஈடாகாது.

பதிவு கட்டாயமா? 1908-ஆம் ஆண்டு பதிவுச் சட்டப்படி உயிலைப் பதிவது எழுதுபவரின் விருப்பம். பதிந்த உயிலைப் பதியாத இணைப்பு உயில் மாற்ற முடியும். ஆனாலும் பழையது பதிவாகியிருந்தால் இதையும் பதிந்துவிடுங்கள். இல்லாவிட்டால் பழையதன் நகலை மட்டும் எடுத்துக்கொண்டு ஒருவர் வந்து நிற்பார். பதிந்துவிட்டால் சந்தேகத்துக்கே இடமில்லை என்று அர்த்தமும் இல்லை. தக்க காரணம் இருந்தால் பதிவு அலுவலர் வீட்டுக்கே வந்து பதிவு செய்யவும் சட்டத்தில் இடம் உண்டு. பதிந்த உயிலின் நகலை எழுதியவர் உயிரோடு இருக்கும் வரை அவரோ அவருடைய முகவரோதான் வாங்க முடியும். பக்கத்து வீட்டுக்காரர் போய்ப் பார்த்துவிடுவாரோ என்று அப்பா கவலைப்பட்டதால் இதைச் சொல்கிறேன்.

இந்தப் பகுதியிலிருந்து ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதானால்: பெயரை மாற்றுவது அப்பா, எழுதுவது வக்கீலோ பத்திர எழுத்தரோ, பார்ப்பது சம்பந்தமில்லாத இரண்டு சாட்சிகள், பிள்ளை வாசலில்.

புதிதாக யாரைப் போடுவது?

எல்லாருக்கும் மனம் கோணாமல் இருக்கட்டும் என்று மூன்று பிள்ளைகளையும் சேர்த்தே நிறைவேற்றாளராகப் போடும் வழக்கம் இருக்கிறது. கேட்க அழகாக இருக்கும். வாரிசுரிமைச் சட்டத்தின் 311-ஆம் பிரிவைப் படித்தால் அந்த அழகு குறைந்துவிடும். பலர் இருந்து, உயிலில் வேறுவிதமாகச் சொல்லவில்லை என்றால், உயிலை நீதிமன்றத்தில் நிரூபித்த எவரேனும் ஒருவரே எல்லாருடைய அதிகாரத்தையும் செலுத்தலாம். சேர்ந்துதான் செய்ய வேண்டும் என்று எழுதிவைத்தால், ஒருவர் முறுக்கிக்கொண்டதும் எல்லாம் நிற்கும். என்னைக் கேட்டால் ஒருவர், அவருக்கு மாற்றாக இன்னொருவர் என்று வரிசையாகப் போடுவதே மேல். மாற்று ஆள் பெயர் இருந்திருந்தால் எங்களுக்கு இந்த அலைச்சலே இருந்திருக்காது.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளையைப் போடக் கூடாது என்று சட்டம் சொல்லவில்லை. ஆனால் வங்கிக்கும் சார்பதிவாளர் அலுவலகத்துக்கும் நீதிமன்றத்துக்கும் நடக்கிறவர் யார் என்று யோசியுங்கள். மிகப் பிரியமான பிள்ளையைவிட, ரசீதுகளைத் தேதி வாரியாக வைத்திருக்கும் பிள்ளை இந்த வேலைக்குத் தோது. முக்கியமாக, பெயரைப் போடுவதற்கு முன் அவரிடம் கேளுங்கள். அது சட்டத் தேவை அல்ல, சாதாரண மரியாதை.

காலம் கடந்துவிட்டால்

அம்மாவுக்கு யாரையும் அடையாளம் தெரியவில்லை. உயிலில் இருக்கும் நிறைவேற்றாளர் இறந்துவிட்டார், அல்லது உறவு முறிந்துவிட்டது. இப்போது என்ன செய்வது?

உயிலைத் தொட முடியாது. அதே நேரம், பதற வேண்டியதும் இல்லை. நிறைவேற்றாளர் இல்லாததால் உயில் செத்துவிடாது. பரிமாற வேண்டியவர் வராததால் சமைத்த சாப்பாடு வீணாவதில்லையே. பங்கீடு அப்படியே நிற்கும், பரிமாற வேறு ஆளை நீதிமன்றம் நியமிக்கும். இங்கே ஒரு சொல்லைத் தெரிந்துகொள்ள வேண்டும். உயில் உண்மையானது என்று நீதிமன்றம் நிறைவேற்றாளருக்குக் கொடுக்கும் சான்று புரோபேட். அதை உயிலில் நியமிக்கப்பட்ட நிறைவேற்றாளருக்கு மட்டுமே கொடுக்க முடியும். அவர் இல்லாதபோது, உயிலின் நகலை இணைத்து, சொத்தில் உரிமையுள்ள ஒருவருக்கு நிர்வாகச் சான்று கொடுக்கிறது நீதிமன்றம். வேலை அதே வேலைதான், நேரமும் செலவும் கொஞ்சம் கூடலாம்.

ஆள் இருக்கிறார், ஆனால் வேண்டாம் என்கிறார் என்றால், மரணத்துக்குப் பிறகு நீதிபதி முன் வாய்மொழியாகவோ, கையெழுத்திட்ட எழுத்து மூலமாகவோ அவர் விலகலாம். விலகிய பிறகு மனம் மாறி புரோபேட் கேட்டு வர முடியாது. ஆனால் அதற்குள் வாளியைத் தூக்கி நாலு இலைக்குப் பரிமாறியிருக்கக் கூடாது. சொத்தில் கை வைத்துக் காரியம் பார்க்கத் தொடங்கிவிட்டால் பொறுப்பை ஏற்றதாகிவிடும், அப்புறம் சும்மா விலக முடியாது.

ஆள் இருக்கிறார், விலகவும் மாட்டேன், வேலையும் செய்யமாட்டேன் என்கிறார், அல்லது சொத்தைச் சுரண்டுகிறார் என்றால் 301-ஆம் பிரிவின்படி உயர் நீதிமன்றத்தில் மனு போடலாம். அவரை நிறுத்திவைக்கவும், நீக்கவும், வேறு ஆளைப் போடவும் அதற்கு அதிகாரம் உண்டு. ஆனால் அவரைப் பிடிக்கவில்லை, ஃபோனை எடுப்பதில்லை என்பதெல்லாம் மட்டும் போதாது. சொத்துக்குக் கேடு வருகிறது என்று காட்ட வேண்டியிருக்கும்.

எழுதிய பிறகு

இணைப்பு உயிலை உயிலோடு சேர்த்தே வையுங்கள். இது சொல்லத் தேவையில்லாத விஷயம் போலத் தோன்றும். ஆனால் உயில் பீரோவிலும், இணைப்பு உயில் வங்கி லாக்கரிலும் கிடந்தால், முதலில் கிடைப்பதை வைத்துக்கொண்டுதான் குடும்பம் காரியத்தைத் தொடங்கும். உயிலின் பக்கங்களைப் பிரித்து இதை நடுவில் செருகுவதும் வேண்டாம். பின் அடித்த துளைகளைப் பார்த்து, பக்கம் மாற்றினாயா என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள்.

அப்பா புனேக்கு ஃபோன் போட்டு நண்பரிடம் தானே சொன்னார். காது கேட்காததால் மூன்று முறை கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. அந்தப் பக்கத்திலிருந்து வந்த பதில் எனக்கே கேட்டது: “என்னை அதுல போட்டிருந்தியா?” பதினைந்து வருஷத்துக்கு மேலாக உயிலில் பெயர் இருந்தவருக்கு அது தெரியவே தெரியாதாம்.

இரண்டும் இப்போது ஒரே பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கின்றன. உறையின் மேல், அதே நீலப் பேனாவால், அப்பா எழுதியிருக்கிறார்: ‘உள்ளே இரண்டு இருக்கு. இரண்டையும் படி.’